ஜெர்பிலுக்குத் தும்மல், மூக்கில் சிவப்பு: தொட்டியில் எதைப் போடுவது?

12 நவம்பர் 2023, மாலை (கேள்வி)

மூன்று வாரம் முன்பு இரண்டு ஜெர்பில் (எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணி) வாங்கினேன், அண்ணன் தம்பி. சின்னவன் ஒரு வாரமாகத் தும்முகிறான். இன்று காலை அவன் மூக்கைச் சுற்றி இரத்தம் காய்ந்தது போலச் சிவப்பாக ஒட்டியிருக்கிறது. கடையில் கொடுத்த பைன் மரச்சீவலைத்தான் நாலு விரல் உயரத்துக்குப் போட்டிருக்கிறேன். தொட்டியைத் திறந்தால் எனக்கும் கண் அரிக்கிறது. தொட்டி அடியில் போடும் இந்தப் பெட்டிங்கை மாற்றினால் போதுமா? எதற்கு மாற்றுவது? வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

12 நவம்பர், இரவு

தம்பி, அது பெரும்பாலும் இரத்தமாக இருக்காது. ஜெர்பிலுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு. அதிலிருந்து வரும் நீரில் போர்ஃபிரின் என்ற செந்நிறப் பொருள் இருக்கும். அது மூக்கு வழியாக இறங்கும், அவனே நக்கித் துடைத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்வான். நல்ல உடம்போடு இருக்கும்போது நம் கண்ணுக்கே படாது. எரிச்சல், பயம், நோய் என்று ஏதாவது வந்தால் அதிகமாகச் சுரந்து மூக்கோரம் காய்ந்து நிற்கும்.

வெள்ளை டிஷ்யூவை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல ஒற்றி எடுங்கள். அடியில் தோல் முழுசாக இருக்கிறதா, முடி கொட்டிப் புண்ணாகி இருக்கிறதா என்று பாருங்கள். புண் என்றால் நாளைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்தச் செந்நீர் தோலை அரித்த இடத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி குடியேறிவிடும், அப்புறம் பெட்டிங்கை மட்டும் மாற்றி ஆறாது.

இன்னொன்று. அவனைக் காதோடு வைத்துக் கேளுங்கள். மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் அது நெஞ்சுச் சளி. அதற்கும் காத்திருக்கக் கூடாது.

12 நவம்பர், இரவு, கொஞ்சம் கழித்து

சொல்ல மறந்தது: வீட்டில் இருக்கும் மனிதர் களிம்பு எதையும் தடவாதீர்கள். ஐந்து நிமிடத்தில் நக்கி விழுங்கிவிடுவான். பழைய மருந்து மிச்சம் இருந்தாலும் கொடுக்க வேண்டாம். ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஜெர்பிலுக்கு விஷம்.

13 நவம்பர்

இப்போது பைன் விஷயம்.

பைன், சீடார் போன்ற மரங்களில் வாசனை எண்ணெயும் பிசினும் அதிகம். சீடாரைப் பற்றிப் பேசவே வேண்டாம், எந்தச் சின்னப் பிராணிக்கும் அது ஆகாது. மேற்கத்திய செஞ்சீடாரில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் மரம் அறுக்கும் மில் தொழிலாளிகளுக்கே ஆஸ்துமாவைக் கொண்டுவருகிறது. எண்பது கிராம் உயிர் இருபத்து நான்கு மணி நேரமும் அதற்குள் மூக்கை நுழைத்து வாழ்வதை நினைத்துப் பாருங்கள்.

1967இல் எலியட் வெசல் என்பவர் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு எழுதினார். சீடார், பைன் சீவல் மேல் வளர்ந்த எலிகளின் கல்லீரல், மருந்தைச் சிதைக்கும் நொதிகளை வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கியது. பீச், பிர்ச், மேப்பிள் கலந்த சீவலுக்கு மாற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பியது. கீழே போடுகிற சீவல் கல்லீரல் வரை போகிறது என்பதை அதைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். அன்றோடு எங்கள் வீட்டில் பைன் நின்றுபோனது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இங்கிலாந்தில் விற்கும் சீவலில் பெரும்பாலானவை சூளையில் உலர்த்தியவை. சூட்டில் ஆவியாகிற எண்ணெய் பெரும்பகுதி போய்விடும், பிசின் போகாது. உலர்த்திய பைனில் மூன்று நான்கு வருடம் சுகமாக வாழ்ந்த ஜெர்பில்களும் உண்டு. ஆனால் ஏற்கெனவே தும்முகிறவனுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

13 நவம்பர், மதியம்

"லாவண்டர் மணம் உள்ள பாக்கெட் நாற்றத்தையும் போக்குமே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மணம் என்று எழுதிய எதையும் தொடாதீர்கள்.

15 நவம்பர்

என் கதையைச் சொல்கிறேன், நீளமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர்: மிளகு, கடுகு. மிளகு முழுக் கறுப்பு. கடுகு பழுப்பு, வயிறு வெள்ளை. 2022 மார்ச்சில் வந்தார்கள். மே மாதம் கடுகுக்கு இதே தும்மல், இதே சிவப்பு. அன்றைக்கே ஓடிப்போய் காகித பெட்டிங் வாங்கினேன், காகிதக் கூழைப் பஞ்சு போல உதிர்த்த வகை. மொத்தத் தொட்டியையும் காலி செய்து, கழுவி, காகிதத்தால் நிரப்பினேன். தும்மல் நான்கு நாளில் பாதியாகக் குறைந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் தொட்டியின் மூலையைப் பிறாண்ட ஆரம்பித்தார்கள். இராத்திரி பகல் பாராமல், கண்ணாடியில் நகம் தேயும் சத்தம். காரணம் புரிய எனக்குப் பத்து நாள் ஆனது. அந்தக் காகிதத்தில் வளை நிற்கவில்லை. தோண்டத் தோண்ட மேலே இருப்பது சரிந்து மூடிக்கொண்டது. மங்கோலியப் புல்வெளியில் தரைக்கு அடியில் அறை அறையாகக் குடியிருக்கும் இனம் இது. அவனுக்குத் தும்மல் இல்லாத படுக்கையைக் கொடுத்தேன், வீட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆகவே பெட்டிங் தேடும்போது தூசியை மட்டும் பார்க்காதீர்கள். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தி விடுங்கள். உருண்டையாகக் கொஞ்சம் நிற்கிறதா, பொலபொலவென்று உதிர்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது, எதையாவது கலக்க வேண்டும். ஆழமும் வேண்டும். நாலு விரல் போதாது தம்பி, ஒரு அடியாவது இருக்கட்டும். நான் 30 செண்டிமீட்டர் போடுகிறேன்.

16 நவம்பர்

எவ்வளவு வாங்குவது என்று கேட்டீர்கள். தொட்டி ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் என்றால் 30 செண்டிமீட்டர் ஆழத்துக்கு 150 லிட்டர் கணக்கு வரும். ஆனால் பாக்கெட்டில் போட்டிருப்பது உதிர்த்த பிறகு உள்ள லிட்டர். நீங்கள் அழுத்தி அழுத்திப் போடுவீர்கள், அழுத்தினால்தான் வளை நிற்கும். ஒன்றரை மடங்கு வாங்குங்கள்.

19 நவம்பர்

15ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். காகிதம் போட்டால் தும்மல் போய்விடும் என்ற மாதிரி எழுதிவிட்டேன். அது எல்லாக் காகிதத்துக்கும் பொருந்தாது. அடுத்து வாங்கிய மூட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு அடுக்கு இருந்தது, கடுகு அன்று மாலையே தும்மினான். அதே பெயர், அதே அட்டை, வேறு மூட்டை, அவ்வளவுதான்.

அதிலிருந்து எந்த மூட்டையானாலும் வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பெரிய துளை உள்ள கூடையில் போட்டுச் சலித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோகிறேன். அம்மா அரிசி புடைப்பது போலத்தான். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் கண் அரிக்கிறதே. கடைசியில் தங்கும் மாவைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

அட்டையில் "ஒவ்வாமை தராதது", "99 சதவீதம் தூசியற்றது" என்று இருப்பதை நம்பி வாங்க வேண்டாம். கறுப்புத் துணி ஒன்றை விரித்து ஒரு பிடியை உதறிப் பாருங்கள், துணி சொல்லிவிடும்.

20 நவம்பர்

ஆமாம், செய்தித்தாள் கிழித்துப் போடலாம், அவசரத்துக்கு. ஈரம் உறிஞ்சாது, வளையும் நிற்காது. படுக்கைக்கு அவர்களே கிழித்துக்கொள்ள மை இல்லாத டிஷ்யூ காகிதம் நாலு போடுங்கள், அதுவே விளையாட்டு. பஞ்சு மட்டும் வேண்டாம். கூட்டுக்கு என்று பஞ்சுப் பொட்டலம் விற்கிறார்கள், அதன் இழை காலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

22 நவம்பர்

மருத்துவரிடம் போய் வந்ததற்கு நன்றி தம்பி. புண் இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை, எரிச்சல்தான் என்று சொன்னது பெரிய ஆறுதல். இனிமேல் பொறுமையாகச் செய்யலாம்.

கடுகை நான் கொண்டுபோனபோது மருத்துவர் அறை விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற மாதிரி ஒரு புறஊதாக்கதிர் டார்ச்சை அவன் முகத்தில் காட்டினார். மூக்கோரம் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. போர்ஃபிரின் அப்படித்தான் ஒளிரும், இரத்தம் ஒளிராது. முன்னங்கால் இரண்டும் சேர்ந்து ஒளிர்ந்தன, நாள் முழுக்க அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

24 நவம்பர்

எதற்கு மாற்றுவது என்று நேராகக் கேட்டுவிட்டீர்கள். நான் போட்டுப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஆஸ்பன் சீவல். இலையுதிர் மரம், பிசின் வாசனை இல்லை. தூசி நீக்கியது கிடைத்தால் தும்மலுக்கு நல்லது. தனியாகப் போட்டால் வளை சுமாராகத்தான் நிற்கும்.

சணல். குதிரைக் கொட்டிலுக்கு விற்கும் பெரிய மூட்டையே வாங்கலாம், விலை குறைவு. ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நாற்றம் அடங்கும். தனியாகப் போட்டால் மணல் மாதிரி சரியும். சில மூட்டையில் சிராய் போலக் குத்தும் துண்டுகள் இருக்கும், பொறுக்கி எறிய வேண்டும்.

சோளக்கட்டைத் துருவல் வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், தோண்டவும் முடியாது.

24 நவம்பர், இரவு

கீழே ஒரு அண்ணன் சரியாகப் பிடித்தார். சணல் என்றால் நம் ஊரில் சாக்குத் தைக்கும் சணல். நான் சொன்னது ஹெம்ப், கஞ்சாச் செடி இனத்தின் நார்த்தண்டு, உள்தண்டைத் துண்டாக்கியது. போதை எதுவும் கிடையாது. மேலே சணல் என்று எழுதிய இடத்தில் ஹெம்ப் என்று படித்துக்கொள்ளுங்கள்.

26 நவம்பர்

வைக்கோல், உலர்புல் பற்றி.

வளை நிற்கவேண்டும் என்றால் திமோதிப் புல்லைப் போல வேறு எதுவும் இல்லை. காகிதமோ ஆஸ்பனோ ஒரு அடுக்கு, புல் ஒரு அடுக்கு, அழுத்து, மறுபடி ஒரு அடுக்கு. மண்சுவருக்கு வைக்கோல் சேர்ப்பது போல அது பிடித்துக்கொள்ளும். மிளகும் கடுகும் இரண்டே இராத்திரியில் மூன்று அறை கட்டினார்கள்.

ஆனால் என் மகளுக்கு அந்த வாரம் கை முழுக்கத் தடிப்பு, இராத்திரி மூக்கடைப்பு. ஜெர்பிலால்தான் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சும் வந்தது. அவள் அழுதாள். ஒவ்வாமைப் பரிசோதனை செய்து பார்த்தால் புல் மகரந்தம், வீட்டுத் தூசிச் சிற்றுயிர் இரண்டுக்கும்தான் தடிப்பு வந்தது. அவளைப் படுத்தியது நான் கொண்டுவந்து கொட்டிய உலர்புல்.

உங்கள் கண் அரிப்பையும் அதே மாதிரி பிரித்துப் பாருங்கள் தம்பி. ஜெர்பிலின் சிறுநீரிலும் எச்சிலிலும் பொடுகிலும் உள்ள புரதத்துக்கு ஒவ்வாமை வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. வறண்ட நிலத்துப் பிராணி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும், அது ஒரு நல்லது. புது பெட்டிங் மூட்டையை ஜெர்பில் இல்லாத அறையில் திறந்து பாருங்கள். அங்கேயும் கண் அரித்தால் குற்றம் மூட்டையில். எதுவும் ஆகாமல், அவனைக் கையில் எடுத்ததும் அரித்தால் மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள்.

மகளுக்காகப் புல்லை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் பரிசுப் பெட்டிக்குள் போடும் நெளிநெளியான காகித நாடா, சாயம் போடாத பழுப்பு நிறம். கூடவே நெளி அட்டையைக் கிழித்துப் போடுகிறேன். புல் அளவுக்குப் பிடிக்காது, முக்கால் அளவு பிடிக்கும். புல் கட்டாயம் வேண்டும் என்றால் ஃப்ரீசரில் இரண்டு மூன்று நாள் வைத்து எடுத்தால் சிற்றுயிர் சாகும். மகரந்தம் அப்படியேதான் இருக்கும்.

3 டிசம்பர்

மூன்று வாரமாக நான் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எல்லாப் பழியையும் பெட்டிங் மேலேயே போட்டுவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

பைனை நிறுத்தி, சலித்து, புல்லையும் விட்ட பிறகும் கடுகுக்குப் போன வருடம் நவம்பரில் மறுபடி மூக்குச் சிவந்தது. முடியெல்லாம் எண்ணெய் தடவினது போலக் கற்றை கற்றையாக நின்றது. இருப்பது மான்செஸ்டர். நவம்பரில் ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக வடியும், துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவோம். ஈரமானி வாங்கி வைத்தேன், 68 காட்டியது. ஐம்பது சதவீதத்துக்கு மேல் போனாலே ஜெர்பிலின் முடி கலைந்து பிசுபிசுக்கும். அவன் பூசிக்கொள்ளும் செந்நீர் காயாமல் அப்படியே தங்கும், தோலை அரிக்கும். கீழே எத்தனை நல்ல பெட்டிங் போட்டாலும் அதுவும் அந்த ஈரத்தைக் குடித்து நமுத்துப்போகும்.

துணி காயப்போடும் இடத்தை மாற்றினோம். தொட்டியை வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு நகர்த்தினோம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை மூடி போட்டோம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். 48க்கு வந்தது.

கூடவே மணல் குளியல். ஜெர்பில் மணலில் புரண்டுதான் அந்த எண்ணெயைக் கழற்றும். ஒரு கனமான கிண்ணத்தில் மணல் எப்போதும் இருக்கவேண்டும். மணல் என்றால் மணல், சின்சிலா என்ற இன்னொரு வளர்ப்புப் பிராணிக்கு விற்கும் மாவுப்பொடி இல்லை. தும்முகிறவனுக்கு அந்தப் பொடியைக் கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய்.

மூன்று வாரத்தில் கடுகின் மூக்கில் மெல்லிய முடி முளைத்தது. எது குணமாக்கியது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன். நீங்களாவது ஒன்றை மாற்றி, பத்து நாள் பார்த்து, அப்புறம் அடுத்ததை மாற்றுங்கள். தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

4 டிசம்பர்

ஈரமானியைத் தொட்டிக்கு உள்ளே வைக்காதீர்கள், கடித்துவிடுவார்கள். வலை மூடி மேல் வைத்தால் போதும்.

10 டிசம்பர்

"ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்! இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மே மாதம் மொத்தத் தொட்டியையும் கழுவினேன் என்று எழுதினேன் அல்லவா? அப்போது தப்பித்தோம். ஆகஸ்டில் மறுபடி அதையே செய்தேன், ஒரு துளி பழைய வாசனை மிச்சமில்லாமல் வினிகர் போட்டுத் துடைத்து. ஜெர்பில்கள் ஒருவரை ஒருவர் வாசனையால்தான் அறியும். வயிற்றில் இருக்கும் சுரப்பியைத் தேய்த்துத் தேய்த்து வீடெல்லாம் தங்கள் வாசனையைப் பூசி வைத்திருக்கும். திரும்ப உள்ளே விட்ட ஒரு மணி நேரத்தில் மிளகு கடுகைத் துரத்தினான். பிறகு இரண்டு பேரும் பந்து போலச் சுருண்டு கடித்துக்கொண்டார்கள். தடித்த கையுறை போட்டுப் பிரித்தேன். கடுகின் வால் அடியில் இரண்டு காயம்.

நடுவில் கம்பிவலை போட்டுத் தொட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு நாளைக்குப் பலமுறை இவனை அந்தப் பக்கம், அவனை இந்தப் பக்கம் மாற்றி மாற்றி விட்டேன். பன்னிரண்டாம் நாள் வலையின் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்துத் தூங்கினார்கள். அப்புறம்தான் வலையை எடுத்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள், அதுவும் சிறுநீர் மூலையில் இருப்பதை. கூட்டுக்குள் இருக்கும் காகிதத்தைத் தொடாதீர்கள். பத்து நாள் கழித்து அடுத்த பங்கு. பைன் முழுக்க வெளியேற ஒரு மாதம் ஆகட்டும். உள்ளே கொஞ்ச நாள் பைன் இருப்பதைவிட அண்ணன் தம்பி பிரிவது பெரிய கேடு.

7 ஜனவரி 2024

தேங்காய் நார்த்தூள் பற்றி ஒரு அக்கா கேட்டிருந்தார். பல்லி, பாம்பு வளர்ப்போருக்குக் கட்டியாக விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், பின்னால் இந்தியத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. எனக்குச் சொந்த ஊர் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் முழுக்க நார் மில்தான், ஆசையாகத்தான் வாங்கினேன். தண்ணீரில் ஊறவைத்தால்தான் உதிரும். ஈரமாகப் போட்டால் ஈரமானி ஏறுகிறது, முழுக்கக் காயவைத்துப் போட்டால் தூள் பறக்கிறது. செடித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன், கறிவேப்பிலை நன்றாக இருக்கிறது.

அப்பாவிடம் வீடியோவில் மிளகையும் கடுகையும் காட்டினேன். "இது நம்ம காட்டு வெள்ளெலி மாதிரியல்ல இருக்கு" என்றார். உண்மைதான். நம் ஊர் வெள்ளெலியும் ஜெர்பில் இனம்தான், டடேரா இண்டிகா. அது செம்மண் காட்டில் வளை தோண்டி, பகலில் வாயிலை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே தூங்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடுகு ஒரு டிஷ்யூவை இழுத்துக்கொண்டுபோய் தன் வளை வாயை உள்ளிருந்து அடைத்தான். அப்பா அரை மணி நேரம் பேசினார். எந்த மண்ணில் வளை நிற்கும், எதில் சரியும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தக் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

18 பிப்ரவரி

தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சின்னவன் மூக்கு சுத்தமாக இருக்கிறது, முடி முளைத்துவிட்டது! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கேட்டதற்குப் பதில்: இப்போது எங்கள் தொட்டியில் இருப்பது, கண்ணளவில், சலித்த காகிதம் பாதி, ஆஸ்பன் கால், காகித நாடாவும் கிழித்த அட்டையும் சேர்ந்து கால். சிறுநீர் மூலையில் மட்டும் அடியில் ஒரு அடுக்கு ஹெம்ப். மணல் கிண்ணம் வலது பக்கம். ஈரமானி இன்று 47.

வரும் வாரம் வீடு மாறுகிறோம், பெரிய தொட்டி வாங்கியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பெட்டிங்கில் ஒரு பை நிறைய எடுத்து வைத்துவிட்டீர்கள்தானே?